அட்டையில் இடம் பத்தவில்லை

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. இங்கு எல்லோரும் நலம். உன் நலமறிய ஆவல். போனில் பேசினால் "ஸ்டுடியோவில இருக்கேன்பா" என்று வைத்துவிடுகிறாய். கடிதம் என்றால் முழுசாகச் சொல்லிவிடலாம், அதனால்தான் எழுதுகிறேன்.

உன் பாட்டைக் கேட்டோம். சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து டீக்கடையில் ஒரு கல்லூரிப் பையன் செல்லில் போட்டுக்கொண்டிருந்தான். "இது என் மகன் போட்ட பாட்டு" என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நெஜமாவா தாத்தா?" என்றான். தாத்தா என்றதைப் பொறுத்துக்கொண்டேன். கடைக்காரர் டீக்குக் காசு வாங்கவில்லை. அக்காவுக்கு ஏழாம் மாதம் நடக்கிறது. வளைகாப்புத் தேதியை அம்மா சொல்வாள். மாடியில் ஒழுகிய இடத்தைப் பூசியாயிற்று.

வீட்டுக்கு வந்து அக்காவின் போனில் மறுபடி பார்த்தேன். கடைசியில் பெயர்கள் ஓடின. பாடல், இசை என்று உன் பெயர். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தேன். மிக்ஸிங் செய்தவர், டிரோன் பறக்கவிட்டவர், படப்பிடிப்புக்குச் சாப்பாடு கொடுத்தவர் வரை பெயர் இருக்கிறது. நல்லது, யாரையும் விடவில்லை.

முதல் சரணத்துக்கு முன்னால் புல்லாங்குழலில் ஒரு பிட் இறங்கி வருகிறதே, அது ஏற்கெனவே கேட்டதுபோல இருந்தது. போன தீபாவளிக்கு முந்தின தீபாவளி, நம் மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டியருகே உட்கார்ந்து யாரோ அதை விசிலடித்துக்கொண்டிருந்தார்கள். நீ அப்போது கீழே எண்ணெய் தேய்த்துக் குளித்துக்கொண்டிருந்தாய். எனக்கும் வயசாகிறது. ஆனால் முப்பது வருஷம் கல்யாணக் கச்சேரியில் தபேலா வாசித்த காது.

வேளைக்குச் சாப்பிடு. ராத்திரி ஓட்டல் பரோட்டா வேண்டாம்.

சும்மா ஒரு விஷயம் யோசித்துக்கொண்டிருந்தேன். நம்ம ஊர் ராமமூர்த்தியும் எம்.எஸ்.வி.யும் இசையமைப்பாளர் சி.ஆர். சுப்பராமனிடம் சேர்ந்து வேலை பார்த்தவர்கள். அவர் 1952இல் திடீரென்று காலமானபோது பாதியில் நின்ற படங்களை இந்த இருவரும்தான் முடித்துக்கொடுத்தார்கள். அதிலிருந்து 1965 வரை விஸ்வநாதன்-ராமமூர்த்தி என்று ஒரே மூச்சில்தான் சொல்வோம். மெட்டு அவருடையதா இவருடையதா, வயலின் வருகிற இடமெல்லாம் ராமமூர்த்தியா என்று எங்கள் பார்ட்டியில் அடித்துக்கொள்வோம். யாருக்கும் முழு விவரம் தெரியாது, தெரியத் தேவையும் இருக்கவில்லை. டைட்டிலில் இரண்டு பெயர் இருந்தது, அவ்வளவுதான். பிரிந்த பிறகு எம்.எஸ்.வி. நூற்றுக்கணக்கில் போட்டார். ராமமூர்த்திக்குக் கிடைத்த படங்கள் சொற்பம். திருச்சிக்காரன் என்பதால் நான் ஒருபக்கமாகப் பேசுவேன், நீ தள்ளுபடி செய்துகொள். முப்பது வருஷம் கழித்து 1995இல் ஒரு படத்துக்கு மறுபடியும் சேர்ந்தார்கள். அதற்குள் சினிமாப் பாட்டே வேறு கைகளுக்குப் போயிருந்தது.

உன் அறைச் சுவரில் இன்னமும் தொங்குகிற அந்த பீட்டில்ஸ் குழு நாலு பேர் கதையும் நீ சொன்னதுதான். லெனனும் மெக்கார்ட்னியும் யார் எழுதினாலும் இரண்டு பெயரும் போடுவது என்று பையன்களாக இருந்தபோதே பேசிக்கொண்டார்களாம். மெக்கார்ட்னி தனியாகவே போட்ட 'யெஸ்டர்டே'கூட லெனன்-மெக்கார்ட்னி என்றுதான் வந்தது. அதுவும் இதே 1965. இங்கே ஒரு ஜோடி உடைந்த வருஷம். 2002இல் ஒரு கச்சேரி ஆல்பத்தில் மெக்கார்ட்னி தன் பெயரை முன்னால் போட்டுக்கொண்டதற்கு லெனனின் மனைவி சண்டைக்கு வந்ததைச் சொல்லி நீ சிரித்தாய். முன்னால் பின்னால் என்பதற்கே அந்தப் பாடு. ஒரு பெயரே இல்லை என்றால்?

நான் யாரையும் குறிப்பிட்டுச் சொல்லவில்லை.

இன்னொன்றையும் நீதான் சொன்னாய், கோபமாகச் சொன்னாய். புரோகல் ஹாரம் என்று ஒரு இங்கிலாந்துக் குழு, 1967இல் வந்த பாட்டு. அதன் ஆர்கன் பிட் இல்லாவிட்டால் அந்தப் பாட்டே இல்லை என்று எனக்குக் கீபோர்டில் வாசித்துக் காட்டினாய். வாசித்தவர் மேத்யூ ஃபிஷர். பாட்டில் அவர் பெயர் இல்லை. 38 வருஷம் பொறுத்து 2005இல் வழக்குப் போட்டார். 2009இல் பிரபுக்கள் சபை நீதிபதிகள் இசையில் 40 சதவீதம் அவருக்கு என்று முடித்தார்கள், அதுவும் அவர் கேட்ட நாளிலிருந்து மட்டும். "ஒரு பிட்டுன்னு சாதாரணமா நெனச்சுட்டானுங்கப்பா" என்று நீ மேஜையைத் தட்டியதில் அம்மாவின் காபி கொட்டியது. அன்றைக்கு உன்னைப் பார்க்க எனக்கு அத்தனை பெருமையாக இருந்தது.

எதுவானாலும் பேப்பரில் எழுதி வைத்துக்கொள். நம் நாட்டிலும் 2012இல் சட்டம் திருத்தினார்களே, எழுதியவனும் மெட்டுப் போட்டவனும் தன் ராயல்டி பங்கைக் கம்பெனிக்கு எழுதிக்கொடுத்தாலும் செல்லாது என்று. கம்பெனியிடமிருந்து காப்பாற்றத்தான் அந்தச் சட்டம். ஒரே ரூமில் படுத்து ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள் விஷயத்தில் முதலில் வாயைத் திறந்து யார் எதைப் போட்டோம் என்று சொல்ல வேண்டும். யாருக்கு எவ்வளவு என்று பாட்டு முடிந்த அன்றைக்கே எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட வேண்டும். பாட்டு ஓடின பிறகு யாருக்கும் ஞாபகம் சரியாக இருக்காது. எனக்கும்தான்.

இதைச் சொல்ல வேண்டாம் என்றுதான் உட்கார்ந்தேன்.

நம் பீரோவின் மேல்தட்டில் இருக்கிற சமயபுரம் அம்மன் பாட்டுக் கேசட். 1996இல் வந்தது. எட்டுப் பாட்டு. எழுதியது நான். மெட்டு, நான் எல்லோரிடமும் சொல்கிற மாதிரி, என்னுடையது இல்லை. எட்டில் ஐந்து பெரிய மாமா ஆர்மோனியத்தில் போட்டது. மிச்சம் மூன்றிலும் அவர் கை இருக்கிறது. அட்டை அடிக்கிற கடையில், "பேர் என்ன சார் போடணும்?" என்று கேட்டான். மாமா அன்றைக்கு ஊரில் இல்லை. "பாடல், இசை" என்று சேர்த்து எழுதி என் பெயரைக் கொடுத்தேன். அட்டை சின்னது, இடம் பத்தவில்லை என்று அப்புறம் அம்மாவிடம் சொன்னேன். இடம் இருந்தது, தம்பி. அம்மன் படத்துக்குக் கீழே இரண்டு விரல் அகலம் வெறுமனே கிடந்தது.

மாமா வந்து கேசட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அச்சு நல்லா விழுந்திருக்கு மாப்பிள்ளை" என்றார். காபி குடித்தார். போய்விட்டார். விரல் வலி, அதனால்தான் அவர் ஆர்மோனியத்தைத் தொடுவதில்லை என்று உங்களிடம் சொல்லி வைத்திருக்கிறோமே, அவருக்கு விரல் வலி எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. அந்தக் காசில்தான் உனக்கு முதல் கேசியோ வாங்கினேன். மாமா வீட்டுக்கு வந்தபோது அதில் உனக்கு ச ரி க ம காட்டிக்கொடுத்தது அவர்தான். இருபது நிமிஷம் வாசித்தார். நான் அடுக்களையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன், வெளியே வரவில்லை.

அம்மாவுக்குத் தெரியும். இத்தனை வருஷத்தில் அண்ணனுக்காக ஒரு வார்த்தை என்னிடம் கேட்டதில்லை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை லால்குடி போகிறேன். என்ன பேசுவேன் என்று தெரியவில்லை. கேசட்டையும் கொண்டுபோகலாமா, அது இன்னும் மோசமாக இருக்குமா என்று யோசனையாக இருக்கிறது.

நீ வேளைக்குச் சாப்பிடு. பொங்கலுக்கு வருவதாக இருந்தால் முன்கூட்டியே டிக்கெட் போடு. எத்தனை டிக்கெட் என்பதைச் சொன்னால் அம்மா அதற்குத் தகுந்தாற்போல் பாய் எடுத்து வைப்பாள். போன பொங்கலுக்கு நீ மட்டும் வந்து இறங்கியபோது அவள் இரண்டு பாயை விரித்து வைத்துவிட்டு ஒன்றை மறுபடியும் சுருட்டினாள்.

பார்சலில் மணப்பாறை முறுக்கு அனுப்பியிருக்கிறாள். பெரிய பாக்கெட் உனக்கு. சின்னதில் இருப்பது மிளகு போட்டது. நீ மிளகு முறுக்கைத் தொடமாட்டாய் என்று நான் சொல்லிப் பார்த்தேன். கேட்டுக்கொண்டே கட்டி வைத்தாள்.

அன்புடன்,
அப்பா