தலைக்கவசத்துக்குள் இருந்த முகங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு வணக்கம்.

2008இல் தொடங்கி 2020இல் ஏழாவது சீசனுடன் நிறைவுற்ற 'ஸ்டார் வார்ஸ்: தி குளோன் வார்ஸ்' அனிமேஷன் தொடரைச் சிறுவர் பொழுதுபோக்கு என்று ஒதுக்குவது சரியன்று. ஒரே மனிதனிடமிருந்து நகலெடுக்கப்பட்ட வீரர்களுக்குத் தனித்தனிப் பெயரும் குணமும் தந்து, ஒவ்வொருவரின் இழப்பையும் நம்மை உணரவைத்ததே இக்கதையின் பெரும் சாதனை. துடுக்குப் பெண்ணாக அறிமுகமாகும் அசோகா, செய்யாத குற்றத்திற்குப் பழி சுமந்து, உண்மை வெளிப்பட்டபின் மீண்டும் அழைக்கப்பட்டும் ஜெடாய் என்னும் காவல்வீரர் அமைப்பைவிட்டு விலகி நடக்கும் இடத்தில், உடன் பார்த்துக்கொண்டிருந்த என் மகள் கண்கலங்கினாள். இறுதிப் பகுதியில், புதைக்கப்பட்ட வீரர்களின் தலைக்கவசங்கள் கழிகளில் மாட்டப்பட்டு நிற்க, அசோகா தன் ஒளிவாளைக் கீழே விடுகிறாள். அங்கு வசனமே இல்லை. தங்கள் திரைப் பகுதியில் இத்தகைய தொடர்களுக்கும் விமர்சனம் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர், பாலக்கோடு,
தருமபுரி மாவட்டம்.