ஸ்நேக் பிளான்ட்டும் பூக்கும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் வீட்டுக்குள் வளர்க்கும் செடிகளைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். எந்தச் செடி எந்த நச்சுவாயுவை உறிஞ்சும், எதைப் படுக்கையறையில் வைத்தால் தூக்கம் வரும் என்று மருந்துக்கடைச் சீட்டு கணக்காக எழுதியிருந்தீர்கள். பூவைப் பற்றி ஒரு வரி இல்லை. அதனால்தான் இந்தக் கடுதாசி.

காற்றைச் சுத்தம் செய்யும் கதை பரவியது 1989இல் வந்த நாசா ஆய்விலிருந்து. செடிகளை இறுக மூடிய சிறு அறைகளுக்குள் வைத்துச் சோதித்தார்கள். நம் வீடு அப்படியா இருக்கிறது? இதுபோன்ற ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துக் கணக்குப் போட்ட அமெரிக்க ஆய்வாளர்கள் 2019இல் சொன்னது வேறு. சாதாரணக் காற்றோட்டம் செய்கிற வேலையைச் செடிகள் செய்ய வேண்டுமானால், தரையில் ஒரு சதுர மீட்டருக்குக் குறைந்தது 10 செடி வேண்டுமாம். மஞ்சள் மண்டியில் கணக்கு எழுதியவளுக்கு இந்த மாதிரி எண் கண்ணில் படாமல் போகாது. அத்தனை தொட்டி வைத்தால் நாங்கள் எங்கே படுக்கிறதுங்க? ஜன்னலைத் திறந்தால் போச்சு.

நீங்கள் முதலிடம் கொடுத்த அதே ஸ்நேக் பிளான்ட் எங்கள் மாடி போர்ஷனில் இருக்கிறது. மகள் வாங்கி வைத்தது. கோபிப் பக்கம் வேலியோரம் வளரும் மருளுக்கு இது பங்காளி. எங்கள் அப்புச்சி காலத்தில் மருள் நாரில் கயிறு திரிப்பார்கள். வேர் நெருக்கி பிளாஸ்டிக் தொட்டி ஒரு பக்கம் பிதுங்கிவிட்டது. அப்படி நெருக்கமும் நல்ல வெளிச்சமும் இருந்தால்தான் பூக்கிற ஜாதி அது.

சித்திரையில் இலைகளுக்கு நடுவே ஒரு பச்சைக் குச்சி கிளம்பியது. புது இலை என்றுதான் இருந்தோம். முழ உயரம் வந்ததும் குச்சி முழுக்கக் கொத்துக் கொத்தாய் மொட்டு. காம்படியில் சொட்டுச் சொட்டாய்த் தேன். தொட்டால் விரலோடு விரல் ஒட்டுகிறது. "அம்மாயி, எறும்பு ஏறுது" என்று பேத்திதான் முதலில் கண்டுபிடித்தாள். பகலில் ஒன்றும் தெரியாது. விளக்கு வைக்கிற நேரத்துக்கு மேல் ஒவ்வொன்றாய் விரியும். லேசாய்ப் பச்சை ஓடிய மெல்லிய வெள்ளை இதழ்கள் பின்னால் சுருண்டுகொள்ள, மகரந்தக் காம்புகள் மட்டும் நீட்டிக்கொண்டு நிற்கும். வாசமோ ஊரைக் கூட்டும். "இந்நேரத்துல ஊதுபத்தி யாரு ஏத்துனது?" என்று வீட்டுக்காரர் அடுப்படி வரைக்கும் போய்த் தேடினார்.

தலையில் வைக்க ஆகாது, பிசுபிசுக்கும். சாமிக்கும் வைப்பதில்லை. சத்தியமங்கலத்தில் இன்றைக்கு மல்லி கிலோ என்ன விலை என்று விடிந்ததும் விசாரிக்கிற சீமை நம்முடையது. இந்தக் குச்சிக்கு எடையும் இல்லை, விலையும் இல்லை. ஆனாலும் அதைப் பார்க்கக் கீழ்வீட்டு அக்காவும், இஸ்திரி போடுகிற தம்பியும் படியேறி வந்தார்கள். வாசலோடு பேசிவிட்டுப் போகிறவர்கள், உட்கார்ந்து காபி குடித்துவிட்டுத்தான் போனார்கள். பூத்த குருத்து அப்புறம் புது இலை விடாது. பக்கத்தில் கன்று வந்துவிடும், பயப்பட வேண்டாம்.

நர்சரியில் பூவோடு வாங்கும் கலாஞ்சோவைப் பூ உதிர்ந்ததும் குப்பையில் போடுகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அதற்கு நீண்ட இருட்டு வேண்டும். பத்து மணி வரை ட்யூப்லைட் எரிகிற ஹாலில் மொட்டு எப்படி விடும்? ஐப்பசி பிறந்ததும், சாயங்காலம் ஆறு மணிக்கு அட்டைப்பெட்டியால் மூடிக் காலை எட்டு மணிக்குத் திறந்து, ஆறு வாரம் செய்து பாருங்கள். பகலில் வெளிச்சம் காட்டாவிட்டால் மூடியதும் வீண். பனியன் கம்பெனியில் இருக்கிற மருமகன் புண்ணியத்தில் எங்களுக்குப் பெட்டிக்குப் பஞ்சமில்லை.

அடுத்த இணைப்பிலாவது, நம் ஊர் வெயிலில் எது எந்த மாதம் மொட்டு விடும், எதற்கு எவ்வளவு வெளிச்சம் என்று போடுங்கள். கோவை வேளாண் பல்கலைக்கழகம் பக்கத்திலேயே இருக்கிறது, கேட்டால் சொல்வார்கள். இன்னொன்று: டிஃபன்பாக்கியாவைக் குழந்தைகள் அறையில் வைத்துப் படம் போட்டிருந்தீர்கள். அதன் இலையைக் கடித்தால் வாயும் நாக்கும் எரிந்து வீங்கும். அந்தத் திருத்தத்தை மட்டும் அடுத்த வாரம் வரை தள்ளாமல் நாளைக்கே போட்டுவிடுங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
சூரம்பட்டி, ஈரோடு