போர்நிறுத்த மேசையில் அமரப் போகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியவர்களே,

எந்தப் போரை முடிக்க நீங்கள் கூடப் போகிறீர்கள் என்று எனக்குத் தெரியாது. இப்போது நடப்பவற்றுள் ஒன்றாக இருக்கலாம். இன்னும் தொடங்காத ஒன்றாகவும் இருக்கலாம். என்றாவது ஒரு நாள் இரு தரப்பும் களைத்துப்போகும், மூன்றாவது நாடொன்று விடுதியோ விமானப்படைத் தளமோ ஒதுக்கித் தரும், நீங்கள் எதிரெதிரே உட்காருவீர்கள். அந்த அறைக்குள் போகுமுன் படித்துவிட வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நான் இராஜதந்திரி இல்லை. பழைய ஒப்பந்தங்களைத் தேடிப் படிக்கும் பழக்கம் உண்டு, அவ்வளவுதான். அதிலும் பிற்சேர்க்கைகளைத்தான் விரும்பிப் படிப்பேன். (வீட்டில் இதற்காகக் கிண்டல் செய்வார்கள்.) முதல் பக்கங்களில் இறைமை, எல்லை, நல்லிணக்கம் என்று கனத்த சொற்கள் வரும். யாருடைய பிள்ளை எங்கே, எந்த நிலத்தில் கால் வைக்கலாம் என்பதெல்லாம் பின்பக்கங்களில், பொடி எழுத்தில், பெரும்பாலும் பொறுப்பாளர் பெயரோ கெடுவோ இல்லாமல் கிடக்கும்.

அமெரிக்க உள்நாட்டுப் போர் 1865இல் முடிந்தது. அதில் சண்டையிட்ட ஒருவருக்கு முதுமையில், 1930இல், ஒரு மகள் பிறந்தார். அந்தப் பெண்மணி 2020இல் இறக்கும்வரை, தந்தை செய்த படைச் சேவைக்காக அரசிடமிருந்து மாதம் 73 டாலர் 13 சென்ட் ஓய்வூதியம் வாங்கிக்கொண்டிருந்தார். முதல் உலகப் போர்க் கணக்கின் கடைசித் தவணையை ஜெர்மனி கட்டியது 2010 அக்டோபர் 3இல். காசு என்று வந்துவிட்டால் அரசுகள் நூறு வருடம் ஆனாலும் கணக்கை விடுவதில்லை. புதைத்த வெடிக்கும் புதைத்த மனிதருக்கும் மட்டும் ஏன் பேரேடு இல்லை என்பதுதான் என் கேள்வி.

பிரிட்டனும் அர்ஜென்டினாவும் மோதிய ஃபாக்லாந்துத் தீவுப் போர் 1982இல் 74 நாள் நடந்தது. அப்போது புதைத்த கண்ணிவெடிகளை முழுக்க எடுத்துவிட்டோம் என்று அறிவித்தது 2020 நவம்பரில். முப்பத்தெட்டு ஆண்டு! அதுவும் எல்லை வரையறுத்த, வேலி போட்ட, மக்கள் தொகை மிகக் குறைந்த தீவுகளில். கடற்கரை மணல் காற்றில் நகர, வெடிகள் போட்ட இடத்தில் இருக்கவில்லை. வேலிக்குள் பென்குயின்கள் கவலையில்லாமல் நடமாடின, அவற்றின் எடைக்கு வெடி வெடிக்காது. மண்டியிட்டு அங்குலம் அங்குலமாக மண்ணைக் கிளறியவர்களில் பலர் சிம்பாப்வேயிலிருந்து போனவர்கள். தங்கள் சொந்த எல்லையில் வேறொரு போர் விட்டுப்போன வெடிகளோடு வாழ்ந்து, அதையே தொழிலாகக் கற்றுக்கொண்டவர்கள்.

லாவோசுக்கு அந்த வசதிகூட இல்லை. வியட்நாம் போர்க்காலத்தில், 1964 முதல் 1973 வரை, அமெரிக்கா அங்கே இருபது இலட்சம் டன்னுக்கு மேல் குண்டு போட்டது. கொத்துக்குண்டிலிருந்து சிதறும் சிறு குண்டு டென்னிஸ் பந்து அளவுதான் இருக்கும். கோடிக்கணக்கில் வெடிக்காமல் மண்ணில் தங்கிவிட்டது. பந்து அளவில், பந்து உருவத்தில் ஒன்று வயலில் கிடந்தால் ஒரு குழந்தை என்ன செய்யும்? போர் முடிந்து பல ஆண்டு கழித்துப் பிறந்த குழந்தை அது. அதற்கு யார் எந்தத் தரப்பு என்பதே தெரியாது.

அடுத்தது காணாமல் போனவர்கள். போஸ்னியப் போரை முடித்த 1995 டேட்டன் ஒப்பந்தத்தில், ஏழாம் பிற்சேர்க்கையில், இவர்களுக்கென்று ஒரு பிரிவு இருக்கிறது. இரண்டே வாக்கியம். தகவல் தர வேண்டும், செஞ்சிலுவைக் குழுவோடு ஒத்துழைக்க வேண்டும், அவ்வளவுதான். அந்த வருடம் ஜூலையில் ஸ்ரெப்ரெனிட்சா என்ற போஸ்னிய ஊரில் கொல்லப்பட்டவர்கள் சுமார் 8,000 பேர். கொன்றவர்கள் பெருங்குழிகளில் புதைத்தார்கள். பிறகு தடயத்தை மறைக்க, மண் அள்ளும் இயந்திரங்களால் தோண்டி, வேறு குழிகளுக்கு மாற்றினார்கள். ஒரே மனிதரின் எலும்புகள் இரண்டு மூன்று இடங்களில் சிதறிப்போயின. உறவினர் கொடுத்த இரத்தத்தோடு எலும்பின் மரபணுவை ஒப்பிட்டு, இதுவரை கிட்டத்தட்ட 7,000 பேரை அடையாளம் கண்டிருக்கிறார்கள். எவ்வளவு பெரிய உழைப்பு! ஆனால் அந்தச் சேதி ஒரு தாய்க்கு எப்படி வந்து சேர்கிறது என்று யோசித்துப் பாருங்கள். மகனின் தொடை எலும்பு ஒன்று கிடைத்திருக்கிறது என்கிறார்கள். இப்போதே அடக்கம் செய்யலாமா, மீதியும் வரட்டும் என்று காத்திருக்கலாமா? முடிவு அவள் கையில். அடக்கம் செய்த பிறகு இன்னோர் எலும்பு கிடைத்தால் கல்லறையைத் திறக்க வேண்டும். எந்தக் குழியிலிருந்து எந்தக் குழிக்கு என்பதை வண்டி ஓட்டியவனும் உத்தரவு போட்டவனும் அன்றே சொல்லியிருந்தால் பாதிச் சுமை குறைந்திருக்கும். சைப்ரஸ் தீவில் கிரேக்க, துருக்கிய இனத்தவரின் மோதலில் காணாமல் போனவர்களுக்காக இரு தரப்பும் சேர்ந்து குழு அமைத்தது 1981இல். இரு தரப்பும் சேர்ந்து தோண்டும் திட்டம் தொடங்கியது 2006இல். நடுவில் எத்தனை பெற்றோர் வாசலைப் பார்த்தபடியே போய்ச் சேர்ந்தார்களோ.

பிரிந்த குடும்பங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1953 ஜூலை 27இல் கையெழுத்தான கொரியப் போர்நிறுத்தத்தில், இடம்பெயர்ந்த பொதுமக்கள் ஊர் திரும்ப உதவ வேண்டும் என்று ஒரு பத்தியே இருக்கிறது. ஏட்டுச் சுரைக்காய். கடிதம்கூடப் போக வழியில்லாமல் எல்லை இறுகியது. உறவினரைப் பார்க்க வேண்டும் என்று தென்கொரியாவில் பெயர் கொடுத்தவர்கள் மட்டும் 1,30,000 பேருக்கு மேல். 2000 முதல் 2018 வரை, விட்டு விட்டு, சில ஆயிரம் பேருக்குத்தான் வாய்ப்புக் கிடைத்தது. அதுவும் சில நாளில் சில மணி நேரம். கடைசி நாள் கிழவர்களைப் பேருந்தில் ஏற்றிவிடுவார்கள். உள்ளேயிருந்து ஒரு கை கண்ணாடியில் பதியும், வெளியிலிருந்து அதே இடத்தில் இன்னொரு கை. அண்ணனும் தங்கையுமாக இருப்பார்கள், இருவருக்கும் எண்பது கடந்திருக்கும். மறுபடி பார்க்க மாட்டோம் என்பது இருவருக்கும் தெரியும்.

வீடு திரும்பும் சிப்பாயையும் விட்டுவிடாதீர்கள். முதல் உலகப் போரில் களத்தை விட்டு ஓடினான், கோழை என்பது போன்ற குற்றச்சாட்டுகளில் பிரிட்டன் சுட்டுக் கொன்ற 306 பேருக்கு மன்னிப்புக் கிடைத்தது 2006இல். அவர்களில் சிலரேனும் மனம் உடைந்தவர்கள் என்று ஒத்துக்கொள்ள தொண்ணூறு வருடம் தேவைப்பட்டது.

இத்தனையும் எழுதி முடியும்வரை போர்நிறுத்தத்தைத் தள்ளிப்போடுங்கள் என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். துப்பாக்கி ஓயும் நாள் ஒன்றுகூடத் தள்ளக் கூடாது. முதலில் அதில் கையெழுத்துப் போடுங்கள். ஆனால் அன்றைக்கே அறையை விட்டுக் கிளம்பிவிடாதீர்கள். படம் எடுப்பவர்கள் போன பிறகும் உட்கார்ந்திருங்கள். எதிரே இருக்கும் தளபதியிடம் கண்ணிவெடி வரைபடங்களைக் கேளுங்கள். பிடித்துவைத்தவர்களின் பட்டியலையும் புதைத்த இடங்களையும் கேளுங்கள். அவர் கேட்டால் உங்களுடையதையும் எடுத்து வையுங்கள். உங்களிடமும் இருக்கும் என்பது எனக்குத் தெரியும்.

"பிறகு அனுப்பி வைக்கிறோம்" என்பார். எந்தத் தேதியில், யார் கையொப்பத்தில் என்று கேட்டு, அதையும் தாளில் ஏற்றுங்கள்.

இப்படிக்கு,
பிற்சேர்க்கைகளைப் படிக்கும் ஒருவன்