டாப் கன் பாட்டுகள்: முரளிக்கு ஒரு பதில்

கோவை

அன்புள்ள முரளி,

உன் கடிதம் கிடைத்தது. சாந்திக்கு முழங்கால் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்து, வாக்கரைப் பிடித்துக்கொண்டு வாசல் வரை நடக்கிறாள் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. வலிக்கிறது என்று பிசியோதெரபியைப் பாதியில் விட்டுவிட வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல். என் அக்கா அப்படி விட்டுவிட்டு இன்றைக்கும் மாடிப்படி ஏறச் சிரமப்படுகிறாள். இங்கே எல்லோரும் சௌக்கியம். வித்யா பெங்களூரிலேயே வேறு வேலைக்கு மாறிவிட்டாள். வேலை கூடுதல்தான், ஆனால் முகத்தில் பழைய தெளிவு திரும்பியிருக்கிறது. எனக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது.

சரி, உன் கடிதத்தின் கடைசிப் பக்கத்துக்கு வருகிறேன். இவ்வளவு சீக்கிரம் பதில் எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான். மகனோடு உட்கார்ந்து ‘டாப் கன்’ படத்தை மறுபடி பார்த்ததாகவும், “இதில் கதையே இல்லையேப்பா, அமெரிக்கக் கடற்படைக்கு எடுத்த விளம்பரம் மாதிரி இருக்கு” என்று அவன் சொன்னதாகவும், உனக்குப் பதில் வரவில்லை என்றும் எழுதியிருக்கிறாய். அவன் சொன்னதை நான் மறுக்க மாட்டேன். கதையை ஒரு தபால் அட்டையில் எழுதிவிடலாம். அடங்காத விமானி, பயிற்சிப் பள்ளி, காதல், நண்பனின் சாவு, கடைசியில் ஒரு சண்டை. கடற்படை விமானங்களையும் கப்பலையும் தந்து உதவியதும் உண்மை. 1986-ல் படம் வெளியானபோது சில ஊர்களில் தியேட்டர் வாசலிலேயே ஆள்சேர்ப்பு மேசை போட்டிருந்தார்கள். எதிரி எந்த நாடு என்றுகூடப் படம் சொல்லாது. ‘மிக்-28’ என்று ஒரு விமானமே உலகத்தில் இல்லை. அமெரிக்காவின் எஃப்-5 விமானங்களுக்குக் கறுப்புப் பெயின்ட் அடித்துப் பறக்கவிட்டார்கள். இத்தனையும் தெரிந்த பிறகும் எனக்கு அந்தப் படம் பிடிக்கும். அதற்குக் காரணம் அதன் இசை. அந்தப் படத்தில் மனிதர்கள் வாய்விட்டுச் சொல்லாத துக்கத்தையும் பயத்தையும் சொல்வது இசை மட்டும்தான்.

உன் மகனிடம் முதல் ஐந்து நிமிடத்தை மட்டும் திரும்பப் பார்க்கச் சொல், நல்ல ஸ்பீக்கரில். முதலில் திரையில் எழுத்து. 1969 மார்ச் 3-ஆம் தேதி அமெரிக்கக் கடற்படை தன் தலைசிறந்த விமானிகளுக்காக ஒரு பள்ளி தொடங்கியது என்ற செய்தி. பின்னால் மணி அடிப்பதுபோல் ஒரு ஓசை, அதன்மேல் சிந்தசைசர். விமானந்தாங்கிக் கப்பலின் மேல்தளத்தில் நீராவி, ஆரஞ்சு வெளிச்சம், நிழலாக அசையும் ஆட்கள். கை ஜாடை காட்டுகிறார்கள், சங்கிலியை அவிழ்க்கிறார்கள், குனிந்து சக்கரத்தைப் பார்க்கிறார்கள். வசனம் இல்லை. கதாநாயகன் முகம்கூட இன்னும் காட்டப்படவில்லை. ஏதோ கோயிலில் நடை திறப்பதற்கு முன் நடக்கும் வேலைகள்போல அவ்வளவு பொறுமையாகப் போகிறது. பிறகு எஞ்சின் இரைச்சல் ஏறுகிறது, கேட்டபல்ட் விமானத்தைக் கடலை நோக்கி வீசுகிறது, அந்த நொடியில் கென்னி லாகின்ஸ் பாடும் ‘டேஞ்சர் ஸோன்’ வெடிக்கிறது. இந்த இரண்டு இசையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. முதலாவதில் சாவைப் பற்றிய யோசனை இருக்கிறது. இரண்டாவதில் அதை மறந்துவிடும் வேகம். அந்தப் படம் முழுக்க இந்த இரண்டுக்கும் நடுவில்தான் ஓடுகிறது.

இயக்குநர் டோனி ஸ்காட் விளம்பரப் படங்களிலிருந்து வந்தவர். சாப் காரும் அதே கம்பெனியின் விகன் போர் விமானமும் போட்டி போடுவதாக அவர் எடுத்த விளம்பரத்தைப் பார்த்துத்தான் தயாரிப்பாளர்கள் டான் சிம்ப்ஸனும் ஜெர்ரி ப்ரக்ஹைமரும் இந்தப் படத்தைக் கொடுத்தார்கள். வெளிச்சத்தின்மேல் அவருக்கு அப்படி ஒரு பித்து. என்டர்பிரைஸ் கப்பலில் படம் எடுத்தபோது கப்பல் திசை மாறி, சூரிய வெளிச்சம் தப்பிப்போனது. மறுபடி திருப்பச் சொன்னதற்கு இருபத்தைந்தாயிரம் டாலர் ஆகும் என்றார்கள். அவர் அங்கேயே காசோலை எழுதிக் கொடுத்துத் திருப்பச் சொன்னாராம். உன் மகன் சொன்ன ‘விளம்பரம்’ என்ற சொல்லுக்கு இதையும் நீ சாட்சியாகச் சொல்லலாம். ஆனால் பொருளை விற்பதற்காகக் கற்றுக்கொண்ட கண்ணை அவர் அந்தத் தளத்தில் வேலை செய்யும் ஆட்களின்மேல் வைத்தார். எனக்கு அது பிடித்திருக்கிறது.

இசைக்கு வருகிறேன். எனக்கு இதில் எப்போதும் ஆச்சரியம் தருவது ஒன்று உண்டு. அமெரிக்காவையே உருக்கி வார்த்தது மாதிரி இருக்கும் இந்தப் படத்தின் ஒலி, ஜெர்மனியின் மியூனிக் நகரத்து டிஸ்கோவிலிருந்து வந்தது. ‘டேஞ்சர் ஸோன்’, ‘டேக் மை ப்ரெத் அவே’ இரண்டுக்கும் இசையமைத்த ஜார்ஜியோ மொரோடர் வடக்கு இத்தாலிய மலைப்பகுதிக்காரர், மியூனிக்கில் இசைக்காரராக வளர்ந்தவர். 1977-ல் பாடகி டோனா சம்மருக்காக ‘ஐ ஃபீல் லவ்’ என்று முழுக்க முழுக்க சிந்தசைசர் துடிப்பில் ஒரு பாட்டைச் செய்து, நடனப் பாட்டின் போக்கையே மாற்றியவர். பின்னணி இசையமைத்த ஹரால்ட் ஃபால்டர்மேயர் மியூனிக்காரர். மொரோடரிடம் வேலை பார்த்து மேலே வந்தவர். நாம் ராக் என்று நினைத்துக் கேட்ட ‘டேஞ்சர் ஸோன்’ பாட்டை ஹெட்போன் போட்டு இப்போது கேள். கிதாரும் லாகின்ஸின் குரலும் மேலே அலைகின்றன. அடியில் இயந்திரம் மாதிரி மாறாமல் ஓடும் சிந்தசைசர் பேஸ், அதே பழைய டிஸ்கோ துடிப்பு. போர் விமானத்துக்கு அதைவிடப் பொருத்தமான தாளம் எனக்குத் தோன்றவில்லை. மனிதன் கத்துகிறான், கீழே எஞ்சின் தன்பாட்டுக்குச் சுழல்கிறது.

பாட்டுகளுக்கு வரி எழுதிய டாம் விட்லாக்கின் கதை உனக்குத் தெரியுமா? மொரோடரின் ஃபெராரி காரில் பிரேக் கோளாறு, அதைச் சரிசெய்து கொடுத்த ஆள் இவர். அப்படியே ஸ்டுடியோவுக்குள் வந்து, எடுபிடி வேலைகள் பார்த்து, கடைசியில் உலகமே பாடிய இரண்டு பாட்டுகளுக்கு வரி எழுதினார். அதில் ஒன்று ஆஸ்கார் வாங்கியது. 2023-ல் காலமானார். பட்டறையிலிருந்து வந்த மனுஷன் என்று தெரிந்த பிறகு, எஞ்சினையும் வேகத்தையும் பற்றிய அந்த வரிகளை நான் இன்னும் மரியாதையோடு கேட்கிறேன்.

‘டேஞ்சர் ஸோன்’ பாட்டுக்கு லாகின்ஸ் முதல் தேர்வு இல்லை. டோட்டோ குழுவினர் பாடுவதாக இருந்து நடக்காமல் போனது, பிரையன் ஆடம்ஸ் மறுத்துவிட்டார். கடைசியில் லாகின்ஸ் வந்தார், அமெரிக்காவின் பில்போர்ட் பாட்டுப் பட்டியலில் இரண்டாம் இடம் வரை போனது. ‘டேக் மை ப்ரெத் அவே’ முதலிடத்துக்கே போனது. அதைப் பாடிய பெர்லின் குழு பெயரில்தான் ஜெர்மனி, ஆட்கள் லாஸ் ஏஞ்சலஸ்காரர்கள். குழுவின் பாடகி டெரி நன்னின் குரலைவிட எனக்கு அந்தப் பாட்டில் ஆரம்பத்தில் இறங்கி இறங்கி வரும் சிந்தசைசர் பேஸ்தான் உயிர். அந்தப் பெரிய வெற்றிக்கு அடுத்த வருடமே குழு உடைந்துபோனது. அவர்களே எழுதாத ஒரு பாட்டு அவர்களுடைய அடையாளமாகிவிட்டது என்பதை நினைத்தால் மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

நாம் ரெக்கார்டிங் கடையில் டிடிகே கேசட் கொடுத்துப் பதிந்து வாங்கினோமே, அதில் ஏ பக்கம் ‘டேஞ்சர் ஸோன்’ தொடங்கி பி பக்கம் முடிவில் ‘டாப் கன் ஆந்தம்’ வரும். படம் எதில் தொடங்குகிறதோ அது ஆல்பத்தில் கடைசி. நடுவில் இருந்தவற்றில் சீப் ட்ரிக் குழு பாடிய ‘மைட்டி விங்ஸ்’ இன்றும் நிற்கிறது. கடற்கரையில் வாலிபால் ஆடும் இடத்துப் பாட்டு உனக்குப் பிடிக்கும், எனக்கு அப்போதும் ஒட்டவில்லை. மற்றதெல்லாம் அந்தக் காலத்துப் பாப், வந்து போகும். கதாநாயகனின் நண்பன் கூஸ் பியானோவில் உட்கார்ந்து ‘கிரேட் பால்ஸ் ஆஃப் ஃபயர்’ பாடுவான் இல்லையா, கூடவே மகனும் மனைவியும், அந்தப் பழைய பாட்டை 1986 ஆல்பத்தில் சேர்க்கவில்லை. நாம் அதைக் கேசட்டில் தேடித் தேடி ஏமாந்தது நினைவிருக்கிறதா?

கூஸ் என்றதும் மனசு அங்கேயே போய் நிற்கிறது. படத்தில் அவர்கள் ஓட்டும் எஃப்-14 இரண்டு பேர் உட்காரும் போர் விமானம். முன்னால் விமானி, பின்னால் ரேடாரைப் பார்க்கும் அதிகாரி. முன்னால் போகும் விமானத்தின் புகைக்காற்றில் நுழைந்ததும் எஞ்சின்கள் அணைந்து, விமானம் தட்டையாகச் சுழல ஆரம்பிக்கிறது. சினிமாவுக்காக இட்டுக்கட்டிய ஆபத்து இல்லை அது. எஃப்-14ஏ-வில் இருந்த டிஎஃப்-30 எஞ்சினுக்கு, உள்ளே வரும் காற்று கலைந்தால் திணறும் பலவீனம் நிஜமாகவே இருந்தது. ஒரு எஞ்சின் நின்று மற்றது இழுத்தால் விமானம் பம்பரமாகிவிடும். அந்தக் காட்சியில் பாட்டு கிடையாது. எச்சரிக்கை ஒலிகள், இரண்டு பேரின் குரல், அவ்வளவுதான். இருக்கையோடு விமானத்திலிருந்து வெளியேறும்போது கூஸ் மேலே மிதக்கும் கண்ணாடி மூடியில் மோதிச் சாகிறான். அதற்குப் பிறகு ஃபால்டர்மேயர் சிந்தசைசரை மெல்லத் தொட்டு வாசிக்கும் இசை வருகிறதே, அந்த ரீரெக்கார்டிங்தான் படத்தின் இருதயம் என்று நான் நினைக்கிறேன். தன் துக்கத்தைப் பேசத் தெரியாத கதாநாயகனுக்காக இசை பேசுகிறது.

அதே மாதிரியான சுழற்சியில் நிஜமாகவே ஒருவர் உயிர் போனது. ஆர்ட் ஷோல் என்ற சாகச விமானி, 1985 செப்டம்பரில், இந்தப் படத்துக்காகச் சுழலும் காட்சியைக் கேமராவில் பிடிக்கத் தன் பிட்ஸ் விமானத்தைச் சுழலவிட்டார். மீள முடியவில்லை. கலிபோர்னியாவில் கார்ல்ஸ்பாட் அருகே கடலில் விழுந்தார். உடலும் கிடைக்கவில்லை, விமானமும் கிடைக்கவில்லை. படத்தை அவருக்குத்தான் சமர்ப்பணம் செய்திருக்கிறார்கள். முடிவில் அவர் பெயர் வரும்போது டிவியை அணைக்காமல் இருக்கச் சொல்.

‘ஆந்தம்’ பாட்டுக்குக் கிதார் வாசித்தவர் ராக் பாடகர் பில்லி ஐடலின் கிதார்காரர் ஸ்டீவ் ஸ்டீவன்ஸ். அதற்காக 1987-ல் அவரும் ஃபால்டர்மேயரும் கிராமி வாங்கினார்கள். அந்தக் கிதார் வேகம் காட்டவில்லை என்பதைக் கவனி. ஒவ்வொரு சுரத்தையும் இழுத்து, அழுத்தி, போகவிடாமல் பிடித்து வைக்கிறார். வெற்றிப் பாட்டு என்று பெயர், ஆனால் கேட்கும்போது யாரையோ வழியனுப்புவது மாதிரி தொண்டை அடைக்கிறது. எனக்கு மட்டும் அப்படியா என்று நினைத்திருந்தேன். 2022-ல் ‘டாப் கன்: மேவரிக்’ வந்தபோது வித்யாவோடு தியேட்டரில் பார்த்தேன். அதே மணியோசை, அதே எழுத்து, அதே கப்பல் தளம், பிறகு லாகின்ஸின் அதே பழைய பதிவு. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். பாட்டைப் புதிதாகப் பாடவைக்காமல் பழையதையே போட்டார்களே, அந்த முடிவுக்காகவே அவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். அதில் கதாநாயகனின் பழைய போட்டியாளன் ஐஸ்மேனாக நடிகர் வால் கில்மர் வரும் ஒரே காட்சி, நிஜ வாழ்க்கையில் தொண்டைப் புற்றுநோயால் குரல் போனவர், கம்ப்யூட்டரில் தட்டிப் பேசுவார். 2025 ஏப்ரலில் அவரும் போய்விட்டார். டோனி ஸ்காட் 2012-லேயே போய்விட்டார். எஃப்-14 விமானங்களை 2006-ல் அமெரிக்கக் கடற்படை ஓய்வு கொடுத்து அனுப்பிவிட்டது. கலிபோர்னியாவின் மிராமாரிலிருந்த அந்த விமானிப் பள்ளியும் 1996-ல் நெவாடாவின் ஃபாலனுக்குப் போய்விட்டது.

இன்னொன்று. படம் தொடங்கும்போது கப்பல் எங்கே நிற்கிறது என்று திரையில் போடுவதைப் பார்த்தாயா? இந்தியப் பெருங்கடல். கடைசிச் சண்டையும் அங்கேதான். படம் பிடித்தது கலிபோர்னியா பக்கத்துக் கடலில், கதைக்கு நம் கடல். தஞ்சாவூரில் உன் வீட்டுக்கு மேலே சுகோய் போகும்போது ஜன்னல் அதிர்கிறது என்று எழுதியிருந்தாயே, இங்கே சூலூர்ப் பக்கம் போனால் தேஜஸ் சத்தம் கேட்கலாம். நிஜத்தில் கேட்கும் சத்தத்துக்கும் படத்தில் கேட்பதற்கும் வித்தியாசம் தெரிகிறதா? படத்தின் ஒலிப்பதிவாளர்கள் வெறும் ஜெட் ஒலி போதவில்லை என்று விலங்குகளின் உறுமலையும் அலறலையும் சேர்த்துக் கலந்தார்கள். அதனால்தான் அந்த விமானங்கள் உயிருள்ளவை மாதிரி பாய்கின்றன.

உன் மகன் கிதார் வகுப்புக்குப் போகிறான் என்று சொல்லியிருந்தாய் அல்லவா. அவனுக்கு ‘ஆந்தம்’ வாசிக்கக் கற்றுக்கொள்ளச் சொல். கதை பிடிக்காவிட்டால் பரவாயில்லை. அந்த மெதுவான சுரங்களை அவசரப்படாமல் பிடிக்க வருகிறதா என்று பார்க்கட்டும், அப்புறம் படத்தைப் பற்றி என்ன நினைக்கிறான் என்று எனக்கு அவனே எழுதட்டும். பொங்கலுக்கு முன்னால் நானும் சரஸ்வதியும் தஞ்சாவூர் வருவதாக இருக்கிறோம். சாந்தி அடுப்படியில் நிற்க வேண்டாம், சரஸ்வதி பார்த்துக்கொள்வாள். நம் பழைய கேசட் உன் பெட்டியில் இன்னும் இருந்தால் எடுத்து வை. ஓடுகிற டேப் ரிக்கார்டர் ஒன்று என்னிடம் இருக்கிறது, கொண்டு வருகிறேன்.

அன்புடன்,
சேகர்