வலித்தாலும் நடையை விடாதே

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்குக் கல்யாணம் நிச்சயமானதில் இங்கே எல்லோருக்கும் சந்தோஷம். தேதி முடிவானதும் சொல், குடும்பத்தோடு கோவைக்கு வந்துவிடுகிறோம்.

ஆனால் கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தாயே, 'கெண்டைக்கால் வலிக்கிறது, அதனால் வாக்கிங்கை நிறுத்திவிட்டேன்' என்று. அதைப் படித்ததிலிருந்து மனசு சரியாக இல்லை. உனக்கு வந்திருப்பது எனக்கும் வந்ததுதான். காலுக்குப் போகும் ரத்தக்குழாயில் கொழுப்பு படிந்து பாதை குறுகிவிடுகிறது. உட்கார்ந்திருக்கும்போது அந்த ரத்தம் போதும். நடந்தால் சதை கூடுதலாகக் கேட்கிறது, வந்து சேருவதில்லை, பிடித்து இழுக்கிறது. நின்றால் சில நிமிடத்தில் விட்டுவிடுகிறது. வலிக்குப் பயந்து நடையைக் குறைத்தால் சதை இன்னும் சோர்ந்து, நடக்கிற தூரம் மேலும் சுருங்கும்.

கணுக்கால் பிரஷரைக் கை பிரஷரால் வகுத்துப் பார்த்ததில் 0.7 வந்ததாக எழுதியிருக்கிறாய். 0.9 அல்லது அதற்குக் கீழே என்றாலே அடைப்பு என்றுதான் அர்த்தம். சர்க்கரை உள்ளவர்களுக்குக் குழாய்ச் சுவர் கெட்டியாகி, இந்த எண் உண்மையைவிட நன்றாகக் காட்டுவதும் உண்டு. அதனால் கால் விரலிலும் பிரஷர் பார்க்க வேண்டுமா என்று டாக்டரிடம் கேள்.

நடக்கும் முறை இதுதான். சில நிமிடத்தில் வலி வரும் அளவு வேகமாக நட. வலி வந்ததும் நிற்காதே. நன்றாகப் பிடிக்கும்வரை போய், பிறகு உட்கார். வலி முழுக்கப் போனதும் மறுபடி எழுந்து நட. இப்படியே ஓய்வையும் சேர்த்து அரை மணியிலிருந்து முக்கால் மணி நேரம், வாரத்தில் 3 நாளாவது, குறைந்தது 12 வாரம். ரேஸ்கோர்ஸ் நடைபாதை உனக்குப் பக்கம்தானே, உட்கார பெஞ்சும் இருக்கிறது.

வலிக்காமல் மெதுவாக நடந்தால் போதாதா என்று நானும் கேட்டேன். அமெரிக்காவில் 300க்கும் மேற்பட்ட நோயாளிகளை ஒரு வருஷம் கவனித்து, 2021இல் முடிவை வெளியிட்டார்கள். வலி வராத வேகத்தில் நடந்தவர்களுக்கு, நடைப் பயிற்சியே தரப்படாதவர்களைவிடப் பெரிய முன்னேற்றம் இல்லை. வலிக்க வலிக்க நடந்தவர்களுக்குத்தான் 6 நிமிடத்தில் கடக்கும் தூரம் கூடியது. அடைப்பு கரைந்துவிடாது. ஆனால் குழாயின் உட்சுவர் நன்றாக விரியப் பழகுகிறது, கிடைக்கிற ரத்தத்தைச் சதை சிக்கனமாகப் பயன்படுத்தக் கற்றுக்கொள்கிறது. எனக்கு மருந்துக்கடைவரை போவதே பெரிய பாடாக இருந்தது. இப்போது மார்க்கெட் போய்க் காய்கறிப் பையோடு திரும்புகிறேன். குழாயை விரித்து வைக்கும் ஸ்டென்ட் வேண்டாம் என்று சொல்லவில்லை. சிலருக்கு அது தேவைப்படும். உன் நிலைமையில் முதலில் 3 மாதம் ஒழுங்காக நடந்து பார்க்கலாமா என்று டாக்டரிடம் கேட்டுப் பார்.

தொடங்குமுன் இதயத்தைக் காட்டிவிடு. இந்த அடைப்பு காலோடு நிற்பதில்லை. நடக்கும்போது நெஞ்சு அழுத்தினால் அங்கேயே நின்றுவிடு, உடனே ஆஸ்பத்திரி. சும்மா படுத்திருக்கும்போதே பாதம் வலித்தாலோ, விரலில் ஆறாத புண் தெரிந்தாலோ, இந்தப் பயிற்சி எதுவும் வேண்டாம். அன்றைக்கே ரத்தக்குழாய் சர்ஜனைப் பார். அப்புறம், கோயில் பிரகாரம் சுற்றுவதை வாக்கிங் கணக்கில் சேர்க்காதே. வெறுங்காலில், வெயிலில் காய்ந்த கல்லில், சர்க்கரைக்காரன் பாதம் சுட்டதுகூடத் தெரியாது. நல்ல ஷூ வாங்கிக்கொள். தினமும் ராத்திரி பாதத்தை அடிவரை பார். குனிய முடியாவிட்டால் வீட்டில் யாரையாவது பார்க்கச் சொல்.

சிகரெட்டைப் பற்றி நீ ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. எவ்வளவு நடந்தாலும் அதையும் விட்டே ஆக வேண்டும். விட்டுவிட்டாயா இல்லையா என்று அடுத்த கடிதத்தில் மறைக்காமல் எழுது. தனியாக முடியவில்லை என்றால் அதற்கும் மருந்து இருக்கிறது, டாக்டரிடமே கேட்கலாம்.

அன்புடன்,
உன் திருச்சி நண்பன்