மாட வீதியில் பாடிய சிவன்

மயிலாப்பூர்,
சென்னை

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

குழந்தைக்குப் பாட்டு டீச்சர் 'காணக் கண் கோடி வேண்டும்' ஆரம்பித்திருக்கிறார் என்று சொன்னாய். அதை எழுதிய பாபநாசம் சிவன் கர்நாடக சங்கீதமா, சினிமாவா என்று மாப்பிள்ளை கேட்டாராமே. இரண்டும்தான் என்று சொல். போனில் பேச்சு பாதியில் நின்றுவிட்டது, அதனால் எழுதுகிறேன்.

1890-இல் தஞ்சாவூர்ப் பக்கம் போலகத்தில் பிறந்தவர். ராமய்யா என்று பெயர். திருவனந்தபுரத்தில் சமஸ்கிருதம் படித்தார். இதெல்லாம் எந்தப் புத்தகத்திலும் கிடைக்கும். குழந்தைக்கு நீ சொல்ல வேண்டியது மார்கழி பஜனையைப் பற்றி. மயிலாப்பூரில் இருந்த காலத்தில், விடிவதற்கு முன்பே கபாலீஸ்வரர் கோயிலைச் சுற்றியுள்ள நான்கு மாட வீதிகளையும் பாடிக்கொண்டே சுற்றி வருவார். பின்னாலேயே ஒரு கோஷ்டி. டிக்கெட் கிடையாது, மேடை கிடையாது; வாசலில் கோலம் போட வந்தவர்கள் காதிலும் விழும். குழந்தை கற்றுக்கொள்ளும் பாட்டும் இதே தெருக்களில் கபாலி பவனி வருவதைப் பற்றியதுதான். காம்போதி ராகம். சீக்கிரம் முடிக்கச் சொல்லி அவளை அவசரப்படுத்தாதே.

அப்புறம் சினிமா. 1939-இல் 'தியாகபூமி'யில் சம்பு சாஸ்திரியாக நடித்தார். 1944 தீபாவளிக்கு வந்த 'ஹரிதாஸ்' பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்டது. அதில் கதாநாயகன் தியாகராஜ பாகவதர் பாடிய 'மன்மத லீலையை' இவர் எழுதியதுதான். சாருகேசி என்று ராகத்தின் பெயர் தெரியாதவர்களும் அதை வாய்விட்டுப் பாடினார்கள்.

கச்சேரி மேடைதான் நிதானமாக வந்தது. தமிழ்ப் பாட்டைக் கடைசியில் துக்கடாவாக, ஏதோ சின்ன உருப்படி மாதிரி, பாடி முடிக்கிற காலம் அது. மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருது 1971-இல் கிடைத்தபோது அவருக்கு 81 வயது. அடுத்த வருஷம் பத்ம பூஷண், 1973-இல் போய்விட்டார். தெரு முந்திக்கொண்டது, சபா பிந்திவிட்டது என்பது என் கட்சி. உன் அப்பா ஒப்புக்கொள்ள மாட்டார். 'தமிழ்த் தியாகய்யர்' என்று அவரைக் கொண்டாடியவர்களில் சபா ரசிகர்களும் உண்டே என்பார். சரி, இருக்கட்டும்.

இந்த வருஷம் வருவதானால் டிசம்பர் 16-க்கு முன்பே வந்துசேரும்படி டிக்கெட் போடு. மார்கழி பஜனை இப்போதும் உண்டு, குழந்தையை நானே எழுப்பி அழைத்துப் போகிறேன். அந்தப் பெரிய கம்பளிக் கோட்டு எல்லாம் தூக்கிக்கொண்டு வராதே. நம்மூர்க் குளிருக்கு ஒரு மப்ளர் போதும், அதுவும் உன் அப்பாவுக்குத்தான்.

அன்புடன்,
அம்மா