ஹாலில் கண் எங்கே நிற்க வேண்டும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த வார இணைப்பிதழில் வந்த வீட்டு அலங்காரக் கட்டுரை, ஒவ்வோர் அறைக்கும் ஒரு ‘ஃபோகல் பாயின்ட்’, அதாவது உள்ளே வந்ததும் கண் போய் நிற்கும் இடம், வேண்டும் என்றது. சரிதான். ஆனால் எந்தச் சுவரில், எவ்வளவு உயரத்தில், என்ன விளக்கோடு என்று சொல்லவில்லை. பணம் வீணாவது அங்கேதான்.

அடுக்குமாடிக் குடியிருப்புகளில் இதைத் தீர்மானிப்பவர் வீட்டுக்காரர் அல்ல, எலக்ட்ரீஷியன். கேபிள் பாயின்ட் எந்தச் சுவரில் வந்ததோ அங்கே டி.வி. போகிறது. அதற்கு எதிரே சோபா. மற்றதெல்லாம் மிச்ச இடத்தில் ஒண்டிக்கொள்கிறது. எனவே வயரிங்குக்காகச் சுவரை வெட்டும் முன்பே வாசற்படியில் நின்று பார்த்துவிட வேண்டும். கதவைத் திறந்ததும் பார்வை நேராகப் போய் முட்டும் சுவரில் படுக்கையறைக் கதவோ வாஷ்பேசினோ இல்லையென்றால் அதுதான் இடம். பேசின்தான் கண்ணில் படுகிறது என்றால் (பல ஃபிளாட்டுகளில் அப்படித்தான்) ஒரு ஜாலித் தடுப்பு (துளைகள் உள்ள மறைப்பு) வைத்துவிட்டுப் பக்கச் சுவரை எடுத்துக்கொள்ளலாம். ஜன்னல் இருக்கும் சுவர் மட்டும் வேண்டாம். பகலில் வெளிச்சம் கண்ணைக் கூசும். அதன் அருகில் மாட்டிய படம் இருட்டாகத்தான் தெரியும்.

டி.வி.யே போதும் என்பவர்கள் அதையாவது இறக்கி மாட்டலாம். சோபாவில் உட்கார்ந்தவரின் கண், தரையிலிருந்து ஏறக்குறைய 40 முதல் 42 அங்குல உயரத்தில் இருக்கும். திரையின் நடு அங்கே வர வேண்டும். 55 அங்குல டி.வி.யின் திரை உயரம் சுமார் 27 அங்குலம் என்பதால், அடி விளிம்பு 28 அங்குலத்தில் நிற்கும். ஐந்தடி உயரத்தில் மாட்டிவிட்டுக் கழுத்து வலிக்கிறது என்றால் வலிக்கத்தான் செய்யும்.

தஞ்சாவூர் ஓவியம் வாங்குகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். 12 அடிச் சுவரில் 15க்கு 12 அங்குலப் படம் காணாமல் போய்விடும். 30க்கு 24 இருந்தால்தான் எடுபடும். ஏழடி சோபாவுக்கு மேலே என்றால் அலங்காரத்தின் மொத்த அகலம் சோபாவில் மூன்றில் இரண்டு பங்காவது, அதாவது நாலரை அடிக்கு மேல், வர வேண்டும். ஒற்றைப் படத்தால் அது முடியாது. அதைவிட நாலடி அகல மேசை ஒன்றைப் போட்டு அதன் மேல் மாட்டுவது நல்லது. படத்தின் நடு, தரையிலிருந்து 57 முதல் 60 அங்குலத்துக்குள் இருக்கட்டும். கதவு நிலைக்கு மேலே வரிசையாகச் சாய்த்து மாட்டும் பழக்கம் இன்னும் நம் கையை விட்டுப் போகவில்லை. ஆணி தானாக ஏழடிக்குப் போய்விடுகிறது.

அடுத்தது விளக்கு. ஸ்பாட் லைட்டின் ஒளி செங்குத்துக் கோட்டிலிருந்து 30 டிகிரி சாய்ந்து படத்தில் விழ வேண்டும். பத்தடிக் கூரை, படத்தின் நடு ஐந்தடி என்றால் விளக்கு சுவரிலிருந்து சுமார் மூன்றடி தள்ளி இருக்கும். ஃபால்ஸ் சீலிங் ஒன்பதடிக்கு இறங்கினால் இரண்டேகால் அடி போதும். ஐந்தாறு அடி தள்ளி வைத்தால் கண்ணாடியில் பட்டுத் திரும்பும் ஒளி பார்ப்பவர் கண்ணுக்கு வரலாம். அப்போது சாமி தெரியாது, பல்புதான் தெரியும். சுவரை ஒட்டி வைத்தாலோ சட்டத்தின் நிழல் படத்தின் மேல்பகுதியில் விழும். 2700 அல்லது 3000 கெல்வின் (ஒளியின் நிறத்தைச் சொல்லும் அளவு) வார்ம் ஒயிட், சி.ஆர்.ஐ. (நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டும் என்ற அளவு) 90க்கு மேல் உள்ள பல்பு என்று கேட்டு வாங்குங்கள். 6500 கெல்வின் வெள்ளை ஒளியில் ஓவியத்தில் ஒட்டியிருக்கும் மெல்லிய தங்க ரேக்கு வெளிறிப் பித்தளைத் தகடு மாதிரி தெரியும். இந்த விளக்குக்குத் தனி ஸ்விட்ச் அவசியம். அறையின் மற்ற விளக்குகளும் முழு வெளிச்சத்தில் எரிந்தால் ஸ்பாட் போட்டதே தெரியாது.

குளியலறைக்குப் பின்புறச் சுவரிலும் மழைச் சாரல் அடிக்கும் வெளிச்சுவரிலும் இந்த ஓவியத்தை மாட்டக் கூடாது. ஈரம் ஏறினால் ஓவியத்தின் அடிப்பலகை நெளியும், அதன் மேலுள்ள சுண்ணப் பூச்சு விரிசல் விடும், ரேக்கு எழும்பும். வேறு வழியில்லை என்றால், சட்டத்தின் பின்னால் நாலு மூலையிலும் அரை அங்குல ரப்பர் துண்டு ஒட்டிக் காற்றோட்டம் விடலாம். இதே ஈரச் சுவரில் வால்பேப்பர் ஒட்டுவதும் வீண். உப்பு பூத்துக் கொப்புளமாகக் கிளம்பும்.

ஒரு சுவருக்கு மட்டும் அடர் வண்ணம் அடிக்கிறவர்களுக்கு: சிவப்பும் மஞ்சளும் அடியில் இருப்பதை எளிதில் மறைக்காது. வெள்ளை பிரைமர் மேல் இரண்டு கோட் அடித்தால் திட்டுத்திட்டாகத் தெரியும். அதே நிறச் சாயலில் ஒரு அடிக்கோட், பிறகு இரண்டு கோட் என்று கணக்குப் போடுங்கள்.

ஊஞ்சலையே மையமாக வைக்கும் வீடுகளுக்கு டி.வி. சுவர், வண்ணச் சுவர் இரண்டும் தேவையில்லை. ஆனால் பலகையின் முன்னும் பின்னும் மூன்றடி காலியாக விட வேண்டும். இரண்டடி அகலப் பலகைக்கே எட்டடி போய்விடும். கொக்கியைக் கான்கிரீட் போடும்போதே கம்பியோடு கட்டிவிடுவதுதான் பத்திரம். கட்டி முடித்த வீட்டில் பொறியாளரிடம் காட்டி, தளத்திலோ உத்தரத்திலோ ஆங்கர் போட வேண்டும். ஜிப்சம் சீலிங்கின் சட்டத்தில் திருகித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வேலையை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

இப்படிக்கு,
உள்ளலங்கார வடிவமைப்பாளர் ஒருவர்,
திருச்சி.